தட்டைப் பிரிக்காதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்

எங்கள் காம்பராவில் அம்மாயியின் அலுமினியத் தட்டு, அடுப்பங்கரைச் சுவரில் தனி ஆணியில் தொங்கும். விளிம்பில் ஓட்டை போட்டுக் கம்பி கோத்திருந்தார்கள். மற்றத் தட்டுகளோடு அது சேரக் கூடாது. பீலிக்கரைக்குக் கொண்டுபோனாலும் கடைசியில்தான் கழுவ வேண்டும். நான் கை வைத்தால், "அதத் தொடாத புள்ள" என்று அதட்டல் விழும். அம்மாயிக்குக் கசம் (காசநோய்) வந்து, வெலிசறை ஆஸ்பத்திரிக்குப் போய், இரண்டு மாதம் வார்டில் கிடந்து, மிச்ச மாத்திரைகளையும் வீட்டில் முடித்து, சளியில் கிருமி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த துண்டையும் வாங்கி வைத்திருந்தார். அந்தத் துண்டை லயத்தில் யாரும் வாசிக்கவில்லை. அது இங்கிலீஷில் இருந்தது. குணமான பிறகு பதினோரு வருஷம் அவர் அந்தத் தட்டில்தான் சாப்பிட்டார்.

தட்டால் கசம் பரவாது என்பது எனக்குத் தெரியவந்தபோது அவர் இல்லை.

தனிமைப்படுத்தல் என்ற சொல்லைத் தோட்டத்துக்கு மொத்தமாகக் கொண்டுவந்தது கொரோனா. 2020 ஒக்டோபரில் இரண்டாம் அலை கிளம்பியபோது கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த நம் பிள்ளைகள் தீபாவளிக்கு ஊர் வந்தார்கள். பின்னாலேயே பொதுச் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்தார். காம்பராக் கதவில் அறிவித்தல் ஒட்டப்பட்டது, பதினான்கு நாள் வாசலோடு சரி. அறிவித்தலைக் கிழித்த அன்றே பெரும்பாலான லயங்களில் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அந்த நோய் எல்லார் வீட்டுக்கும் வரும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால், யாரும் யாரையும் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. கசம் அப்படி இல்லை. குடித்ததால் வந்தது, பட்டினியால் வந்தது, செய்த பாவத்தால் வந்தது என்று நோயோடு ஒரு குற்றப்பத்திரிகையும் சேர்ந்தே வருகிறது. அதனால்தான் வைத்தியசாலையிலிருந்து திரும்புகிறவருக்குப் பாய் இஸ்தோப்பில் விரிக்கப்படுகிறது.

முதலில் நோயைப் பார்ப்போம். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக ரொபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தது 1882 மார்ச் 24. உலகக் காசநோய் தினம் அதே நாளில் வருவது அதனால்தான். நுரையீரலில் நோய் உள்ள ஒருவர், சிகிச்சை எடுக்காத நிலையில், இருமும்போதும் தும்மும்போதும் உரக்கப் பேசும்போதும் கிருமி காற்றில் கலக்கிறது. மூடிய அறையின் காற்றில் அது மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றை நாள்தோறும், பல மணி நேரம் சுவாசிப்பவருக்கே தொற்றும் வாய்ப்பு அதிகம். தட்டு, கோப்பை, பாய், கம்பளி, உடுப்பு, கைகொடுத்தல், ஒரே பீலியில் குளித்தல் எதிலும் இது பரவாது. தொற்றியவர்கள் எல்லாரும் நோயாளிகளும் ஆவதில்லை. நூறு பேருக்குத் தொற்றினால் வாழ்நாள் முழுவதிலும் ஐந்து முதல் பத்துப் பேருக்கே நோயாக வெளிப்படும். சிறு குழந்தைகளுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும், போஷாக்குக் குறைந்தவர்களுக்கும், விடாமல் குடிப்பவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் அந்த வாய்ப்பு கூடும்.

அப்படியானால் குணமாகி வருகிறவரால் வீட்டுக்கு என்ன ஆபத்து? இந்தக் கேள்விக்கு விடை நமக்கு மிகப் பக்கத்தில், சென்னையிலேயே கிடைத்தது. 1956-இல் அங்கே காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய நிலையம் அது. சேத்துப்பட்டில் இன்று இயங்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழித்தோன்றல்தான். சென்னையின் நெருக்கடியான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானட்டோரியத்தில், நல்ல சாப்பாடு, நல்ல ஓய்வு. மறு பாதி தங்கள் வீட்டிலேயே, பெண்டாட்டி பிள்ளைகளோடு, கிடைத்த கஞ்சியோடு. இரு சாராருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-இல் முடிவு வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. குணமானதில் இரு பாதிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதன் பிறகும் தொடர்ந்து, மொத்தம் ஐந்து வருஷம் குடும்பத்தாரைப் பார்த்ததில், வீட்டில் வைத்துப் பார்த்தவர்களின் குடும்பங்களில் நோய் கூடவும் இல்லை. தொற்ற வேண்டியது, நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முந்தைய மாதங்களிலேயே தொற்றிவிட்டிருந்தது.

இதை லயத்துப் பாஷையில் சொன்னால்: மாத்திரை தொடங்கியவரைக் கண்டு பயப்படுவது, மழை விட்ட பிறகு குடை பிடிப்பது போல. முறையாக மாத்திரை எடுக்கத் தொடங்கி இரண்டு வாரம் ஆவதற்குள் பெரும்பாலானோரிடமிருந்து பரவும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும். மருந்துக்குக் கட்டுப்படாத வகைக் கசம் மட்டும் விதிவிலக்கு. அதற்கு வேறு மருந்து, நீண்ட கவனிப்பு. இலங்கையில் அது குறைவு, அப்படிப்பட்டவரைச் சோதிக்காமல் வீட்டுக்கு அனுப்பவும் மாட்டார்கள். ஆகவே லயத்திலேயே ஆபத்துக் குறைந்த இருமல், வைத்தியசாலையிலிருந்து வந்தவருடையது. பயப்பட வேண்டிய இருமல், "பனிச் சளிதான்" என்று மூன்று மாதமாகப் பக்கத்துக் காம்பராவில் கேட்டுக்கொண்டிருக்கிறதே, அது.

நம் மலையில் அந்த இருமல் மறைந்துகொள்ள இடம் நிறைய. நுவரெலியாக் குளிரில் யார்தான் இருமுவதில்லை? ஈர விறகு அடுப்பின் புகை வேறு. மருந்துக் காம்பராவில் கொடுத்த பனடோலிலும் இருமல் பாணியிலும் வாரங்கள் ஓடும். ஒரு நாள் டவுனுக்குப் போனால் ஒரு நாள் பேர் போச்சு. இலங்கையில் ஆண்டுக்கு 8,000-க்கும் மேற்பட்ட காசநோயாளிகள் பதிவாகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடோ அதைவிடப் பல ஆயிரம் அதிகம். இடைவெளியில் இருப்பவர்கள் யார் வீட்டிலோ மாத்திரை இல்லாமல் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் இருமும் அறை எப்படிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் கட்டிய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமென்றால் பின்பக்கம் ஜன்னலுக்கே இடமில்லை. இருக்கும் ஒரு ஜன்னலையும் பனிக்குப் பயந்து சாக்கு வைத்து அடைத்துவிடுகிறோம். உள்ளே ஆறு பேர். இந்த நோயைக் கட்டுப்படுத்தும் மிகப் பெரிய மருந்து, காற்றும் வெளிச்சமும் வரும் தனி வீடு என்றுதான் நான் நினைக்கிறேன். வீட்டுத்திட்டப் பேச்சில் சுகாதாரத் திணைக்களமும் ஒரு நாற்காலி கேட்டு உட்கார வேண்டும். அதுவரை, பகலில் வெயில் வரும் நேரமாவது கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்து வையுங்கள். தட்டைப் பிரிக்கச் செலவிடும் கவனத்தில் பாதி ஜன்னலுக்குப் போதும்.

திரும்பி வருகிறவரை எப்படிச் சேர்த்துக்கொள்வது? பெரும்பாலான காசநோயாளிகளுக்கு இன்று வார்டே தேவைப்படுவதில்லை. நோய் முற்றியவர்கள், வேறு சிக்கல் உள்ளவர்கள்தான் வெலிசறை தேசிய சுவாச நோய் வைத்தியசாலைக்கோ வேறு வார்டுக்கோ போகிறார்கள். வந்தவரிடம் 'டயக்னோசிஸ் கார்ட்' இருக்கும், சிகிச்சை அட்டை இருக்கும். அவை இங்கிலீஷில் இருந்தால் வெட்கப்படாமல் பி.எச்.ஐ.யிடமோ மருத்துவிச்சியிடமோ தமிழில் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் வீட்டில் மற்றவர்களும் கூட இருக்கும்போது. அம்மாயியின் துண்டை அன்று ஒருவர் உரக்க வாசித்துக் காட்டியிருந்தால் அந்த ஆணி அடிக்கப்பட்டிருக்காது.

சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு. முழுவதும் இலவசம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும், ஆளைப் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. இங்கேதான் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும், திரும்பும்போது மருந்துக்கு அடங்காத வகையாகத் திரும்பக்கூடும். சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம், இரத்தம் அல்ல. ஆனால் கண் மஞ்சளானால், வாந்தி நிற்காவிட்டால், பார்வை மங்கினால் அன்றே வைத்தியரிடம் போக வேண்டும். பெண்களிடம் யாரும் சொல்லாமல் விட்டுவிடும் ஒன்று: ரிஃபாம்பிசின் எடுக்கும் காலத்தில் கர்ப்பத்தடை மாத்திரையை நம்ப முடியாது. மருத்துவிச்சியிடம் வேறு முறை கேளுங்கள். பால் கொடுக்கும் தாய், சிகிச்சையில் இருந்துகொண்டே பால் கொடுக்கலாம்.

இன்னொன்று, வீட்டில் மற்றவர்களைச் சோதித்தல். ஒருவருக்கு நோய் என்றால் ஒரே கூரையின் கீழ் உள்ள எல்லாரையும் மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் அழைக்கும். "எங்களுக்கும் கசப் பட்டம் கட்டப் பார்க்கிறார்கள்" என்று சிலர் ஒளிந்துகொள்கிறார்கள். அந்தச் சோதனை நோயாளிக்கு விரோதமானதல்ல, அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்பதைக்கூட அதுதான் காட்டித்தரும். பல வேளைகளில், தாத்தாவின் பழைய 'ஆஸ்துமா'வே மூலமாக இருக்கும். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு நோய் இல்லை என்று உறுதியானாலும் தடுப்பு மாத்திரை உண்டு. பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி, மூளையைத் தாக்குவது போன்ற கடுமையான வகைகளிலிருந்து குழந்தையைக் காக்குமே தவிர, கசம் வராது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

இனி உரிமைகள். இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் சட்டம் எல்லா இடத்திலும் நம் பக்கம் நிற்கவில்லை.

தோட்டத்தில் நோயாளியைக் கவனிப்பது துரையின் தயவு என்று இன்னமும் நினைப்பவர்கள் உண்டு. 1912-இல் வந்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமே லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதையும், தோட்டத்தில் யாருக்கு நோய் என்று அறிந்துகொள்வதையும், உடனே நிவாரணம் தேடுவதையும் தோட்ட அதிகாரியின் கடமையாக எழுதிவிட்டது. நூறு வருஷத்துக்கு மேலாகிறது. லயத்துக் கூரை ஒழுகுகிறது, கான் அடைத்திருக்கிறது என்றால் கேட்பது பிச்சை அல்ல.

வேலை விஷயம். செக்ரோலில் பேர் உள்ள தொழிலாளியை, கசம் வந்தது என்ற காரணத்துக்காகத் தோட்டம் நினைத்தபடி நிறுத்திவிட முடியாது. 1971-ஆம் ஆண்டின் 45-ஆம் இலக்கத் தொழிலாளர் வேலை முடிவுறுத்தல் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நீக்குவதென்றால், அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையேல் தொழில் ஆணையாளரின் முன் அனுமதி வேண்டும். அதனால்தான், வார்டிலிருந்து வந்த கையோடு ஆபீஸில் நீட்டும் கடதாசியில் கையெழுத்துப் போடாதீர்கள் என்கிறேன். இங்கிலீஷிலோ சிங்களத்திலோ உள்ள அந்தக் கடதாசி, நீங்களே விலகுவதாகச் சொல்லும் கடிதமாக இருக்கலாம். நீக்கிவிட்டால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ உள்ள தொழில் அலுவலகத்துக்குப் போங்கள். காலக்கெடு உண்டு, ஆகவே முதல் மாதத்திலேயே போய்விடுவது புத்தி. சொல்வதை எழுதிக் கொடுங்கள், பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள்.

ஓட்டையும் இங்கேயே இருக்கிறது. கைக்காசுக்குப் போகிறவர்களும், மலையைப் பிரித்துக் குடும்பத்துக்குக் கொடுக்கும் வெளியார் முறையில் உள்ளவர்களும் இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கிறார்கள். தோட்டங்களில் அவர்கள் தொகை கூடிக்கொண்டே போகிறது. அரசாங்க உத்தியோகத்தருக்குக் காசநோய் வந்தால் தாபன விதிக்கோவையில் அதற்கென்றே விசேட விடுமுறை உண்டு. அவர் குடிக்கும் தேயிலையைப் பறிப்பவருக்கு இல்லை. 2021-இல் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிய பிறகு இதைக் கேட்டுப் பேசும் மேசையும் இல்லாமல் போனது. தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்குக் கொடுக்கும் குரலில் ஒரு பங்கை நோயாளியின் விடுமுறைக்கும் கொடுக்கலாம். குணமாகி வந்தவர் முதல் மாதத்திலேயே பழைய நிறை கொழுந்து எடுப்பார் என்று எதிர்பார்ப்பதும், குறைந்தால் அரைப் பேர் போடுவதும் நியாயமில்லை. வைத்தியரிடம் லேசான வேலைக்குத் துண்டு வாங்கி, தலைவரையும் கூட்டிக்கொண்டு போய்த் துரையிடம் கொடுங்கள். பிரட்டுக்கு முன்னால் மருந்துக் காம்பராவிலேயே அன்றைய மாத்திரையை விழுங்க ஏற்பாடு செய்தால் நோயாளிக்கு ஒரு நாள் சம்பளமும் போகாது, மாத்திரையும் தவறாது. தோட்டத்துக்கு இதில் ஒரு சதம் நட்டமில்லை.

பணம்: காசநோயாளருக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களம் வழியாக உதவிப்பணம் உண்டு. பெரிய தொகை அல்ல, ஆனால் முட்டைக்கும் பயறுக்கும் ஆகும். கிராம உத்தியோகத்தரின் கடிதம், மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தின் அத்தாட்சி இரண்டோடும் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள். நுவரெலியா மாவட்டத்தில் தமிழில் விண்ணப்பிக்கும் உரிமை இருக்கிறது. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வா" என்று யாராவது சொன்னால் அது தவறு என்று சொல்லலாம்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வழக்கு. குளியாப்பிட்டியில், எச்.ஐ.வி. இருப்பதாகக் கிளம்பிய வதந்தியால் ஒரு சின்னப் பையனைப் பாடசாலையில் சேர்க்க மறுத்தார்கள். தாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2016-இல் நீதிமன்றம் பிள்ளையின் கல்வி உரிமையின் பக்கம் நின்றது. வதந்திக்காகவோ நோய்க்காகவோ ஒரு பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்த முடியாது. தாய்க்குக் கசம் என்று பிள்ளை மடுவத்தில் குழந்தையை ஏற்க மறுத்தாலும், பாடசாலையில் தனி வாங்கில் உட்காரவைத்தாலும் முதலில் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தில் சொல்லுங்கள். அவர் ஒரு கடிதம் எழுதினாலே பல இடங்களில் பிரச்சினை தீர்ந்துவிடும். தீராவிட்டால், அரச பாடசாலை, அரச அலுவலகம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு, தொலைபேசி 1996. அடிப்படை உரிமை வழக்கென்றால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

கடைசியாக, எந்தச் சட்டப் புத்தகத்தையும் எட்டாத இடம், வீடு. ஆண் கசம் வந்து திரும்பினால் முட்டைக் கோப்பியோடு வரவேற்பு. பெண் திரும்பினால் "கொஞ்ச நாள் அம்மா வீட்டுல இரு" என்று ஒரு பையோடு அனுப்பிவைக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாள் ஒரு வருஷமாகிறது. கணவன் கைவிட்டால் 1999-ஆம் ஆண்டின் 37-ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் தனக்கும் பிள்ளைகளுக்கும் நீதவான் நீதிமன்றத்தில் தாபரிப்புக் கேட்கலாம். அடி, மிரட்டல், வீட்டை விட்டுத் துரத்தல் என்றால் 2005-ஆம் ஆண்டின் 34-ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை உண்டு. ஆனால் இரண்டு மாதம் காணாத கைக்குழந்தை, வாசலில் நிற்கும் தாயைப் பார்த்து ஆயாம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்ளும்போது, "போடா, அம்மாகிட்ட போ" என்று தள்ளிவிட ஒரு பாட்டி வேண்டும். அந்தப் பாட்டிக்கு யாராவது முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும்.

வாசிக்கிறவரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் லயத்தில் இரண்டு வாரத்துக்கு மேலாக இருமுகிறவர் யார்? பின்னேரக் காய்ச்சல், பசியின்மை, உடம்பு இளைப்பு, இராத்திரி வியர்வை, சளியில் இரத்தம் எதுவும் சேர்ந்திருக்கிறதா? அவரைச் சளிப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் கேட்டால் எங்கே போவதென்று சொல்வார்கள், நுவரெலியாவில் மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் வரும் முதல் சளிதான் சோதனைக்கு நல்லது. பஸ்ஸில் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள், ஜன்னலை மட்டும் திறந்து விடுங்கள்.